நெல்லும் ஆர்சனிக்கும்: கேள்வி பதில்

மேற்கு வங்காளத்திலும் வங்கதேசத்திலும் பல இடங்களில் குழாய்க் கிணற்றுத் தண்ணீரில் ஆர்சனிக் இருக்கிறது. கோடை நெல்லுக்கும் அதே தண்ணீர்தான் பாய்கிறது. அந்த நஞ்சை நெல் எப்படிச் சமாளிக்கிறது என்று கேட்டவர்களுக்கு என் பதில்கள்.

கேள்வி: விஷத்தைச் செடி ஏன் மேடம் உறிஞ்சுகிறது?

பதில்: அடையாளம் தெரியாததால்தான். ஆர்சனிக்கின் ஒரு வடிவமான ஆர்சனேட், பார்ப்பதற்குப் பாஸ்பேட் என்ற மணிச்சத்து மாதிரியே இருக்கும். அதனால் மணிச்சத்து நுழையும் வாசலிலேயே உள்ளே வந்துவிடும். தண்ணீர் கட்டிய வயலில் காற்றில்லாமல் அது ஆர்சனைட் என்ற இன்னொரு வடிவமாக மாறும். அது உள்ளே போவது, மணலில் இருக்கிற சிலிக்கா போகிற வழியில். நெல் சிலிக்காவை அள்ளி எடுக்கும் பயிர், உமியின் சொரசொரப்பே அதனால்தான். அந்தப் பசியே வினையாகிறது. இதை 2008இல் ஜப்பானில் ஜியான் ஃபெங் மா குழுவினர் காட்டினார்கள்.

கேள்வி: உள்ளே போய் என்ன செய்யும்?

பதில்: செல்லுக்குச் சக்தி தரும் ஏடிபி (ATP) என்ற சேர்மத்தில் பாஸ்பேட்டின் இடத்தை ஆர்சனேட் பிடித்துக்கொள்ளும். அந்தச் சேர்மம் நிலைக்காமல் உடைவதால் செடிக்குச் சக்தி மிஞ்சாது. ஆர்சனைட் புரதங்களில் உள்ள கந்தகத்தைப் பற்றி நொதிகளை முடக்கும்.

கேள்வி: செடி சும்மாவா இருக்கும் அக்கா?

பதில்: இருக்காது தம்பி, எனக்கு மிகவும் பிடித்த பகுதியே இதுதான். முதலில் ஆர்சனேட்டை ஆர்சனைட்டாக மாற்றும். இன்னும் கொடிய நஞ்சாக மாற்றுகிறதே என்று தோன்றும். ஆனால் ஆர்சனைட்டைத்தான் வேர் திரும்ப மண்ணுக்கே தள்ள முடியும், கந்தகத்தால் கட்டவும் முடியும். குளுட்டதயோன் என்ற கந்தகமுள்ள சிறு மூலக்கூறைக் கோர்த்துப் பைட்டோகெலாட்டின் என்ற சங்கிலி செய்து, ஆர்சனைட்டை மூட்டை கட்டி, செல்லுக்குள் இருக்கும் சேமிப்புப் பையான வாக்குவோலுக்குள் பூட்டிவிடும். நெல்லில் ஏபிசிசி1 என்ற கடத்திப் புரதம் கதிருக்குக் கீழே உள்ள கணுவில் காவல் நிற்கிறது. அதை முடக்கிய பயிரில் அரிசிக்குள் ஆர்சனிக் ஏறிவிட்டது.

செலவும் உண்டு. ஆக்சிஜனேற்றச் சேதத்தைத் தணிப்பதும் அதே குளுட்டதயோன்தான். கையிருப்பு தீர்ந்தால் இலை வெளுக்கும், வேர் குட்டையாகும்.

கேள்வி: பயிரைப் பார்த்தே சொல்ல முடியுமா?

பதில்: பாதிப்பு முற்றினால் கதிர் தலைசாயாமல் விறைத்து நிற்கும். கிள்ளினால் பால் வராது, வெறும் பதர். சில உமிகள் கிளி மூக்குபோல வளைந்திருக்கும். இதே அறிகுறி வேறு காரணங்களாலும் வரும். பல வயல்களில் பயிர் செழிப்பாகவே இருக்கும், ஆர்சனிக் அரிசிக்குள் இருக்கும். பயிர் பிழைத்தால் சாப்பிடுகிறவர்களுக்கும் ஆபத்தில்லை என்று நினைத்துவிடக் கூடாது. என் கவலையெல்லாம் அதில்தான்.

கேள்வி: ஆர்சனிக் தின்னும் பெரணி உண்டாமே?

பதில்: உண்டு, டெரிஸ் விட்டாட்டா. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் மரக்கட்டை கெடாமலிருக்க ஆர்சனிக் மருந்தேற்றிய பழைய இடத்தில் வளர்ந்ததை வைத்து 2001இல் அறிவித்தார்கள். காய்ந்த இலையில் கிலோவுக்கு 20 கிராமுக்கு மேலும் சேரும்! பெரும்பாலும் மூட்டை கட்டாமல் நேரே வாக்குவோலுக்குள் தள்ளிவிடும். வெட்டிய இலை நச்சுக் கழிவு, ஆடுமாடு வாய் வைக்க விடாதீர்கள்.

கேள்வி: கொல்கத்தாவில் இருக்கிறோம். என்ன செய்யலாம்?

பதில்: வயலில் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விட்டால் ஆர்சனிக் குறையும், மண்ணில் காட்மியம் என்ற நச்சு உலோகம் இருந்தால் அது ஏறக்கூடும், அதையும் சோதிக்க வேண்டும். வீட்டில் நல்ல தண்ணீர் நிறைய ஊற்றி வேகவைத்து, வடித்த கஞ்சியைக் கொட்டிவிடுங்கள். குக்கரில் அளவுத் தண்ணீர் வைத்தால் எல்லாம் சோற்றிலேயே நின்றுவிடும். தண்ணீரிலேயே ஆர்சனிக் இருந்தால் வடித்தும் பயனில்லை. முதலில் தண்ணீரைச் சோதித்துப் பாருங்கள்.