என் இ-டைப் ஜாகுவாரை இப்போது விற்கலாமா?

கேள்வி: கோவென்ட்ரியில் இருக்கிறேன். 1969ஆம் வருட ஜாகுவார் இ-டைப், சீரிஸ் 2, பின்சீட் உள்ள 2+2 மாடல் வைத்திருக்கிறேன். 2015இல் வாங்கியது. சமீபத்தில் ஓர் இ-டைப் ஏலத்தில் 82,600 பவுண்டுக்குப் போனதாகப் படித்தேன். அடுத்த மாதமே இன்னொன்று 50,000க்கும் கீழே போயிருக்கிறது. ஒரு தரகர், “80,000 வாங்கித் தருகிறேன், இப்போது விட்டால்தான் உண்டு” என்கிறார். விற்கவா, வைத்திருக்கவா?

பதில்: முதலில் அந்த 82,600ஐப் பிரித்துப் பார்த்துவிடுவோம். வாங்குபவரிடம் 15 சதவீத பிரீமியம், அதாவது கூடத்தின் கட்டணம், வசூலிக்கும் ஏலக்கூடம் என்றால், சுத்தியல் விழுந்த விலை, அதாவது கடைசியாகக் கேட்ட விலை, 70,000தான். அதன்மேல் வாங்கியவர் கட்டும் பிரீமியம் 10,500. அந்த பிரீமியத்துக்கு 20 சதவீத வாட் வரி 2,100. ஆக 82,600. விற்றவர் கையில் வருவது? 70,000இல் 5 சதவீதக் கமிஷனும் அதற்கான வாட்டும் சேர்த்து 4,200 போக, 65,800. கேட்லாக் படத்துக்கு, வண்டியை ஏற்றிப் போன லாரிக்கு என்று அதிலும் கொஞ்சம் கழியும். நடுவில் கிட்டத்தட்ட 17,000 பவுண்டு காணாமல் போய்விட்டது பாருங்கள்.

எனக்கு எரிச்சல் வரும் இடம் இதுதான். ஏலத்துக்கு முன்னால் அச்சிடும் எஸ்டிமேட்டில், அதாவது உத்தேச விலையில், பிரீமியம் சேராது. ஏலம் முடிந்து வெளியிடும் விலையில் சேரும். 65,000 முதல் 75,000 வரை போகும் என்று சொன்ன வண்டி 82,600க்குப் போனதாம், மார்க்கெட் ஏறுகிறதாம்! இரண்டையும் ஒரே கணக்கில் போட என்ன கஷ்டம்? யாரும் போட மாட்டார்கள். 15 சதவீதக் கூடம் என்றால், நீங்கள் படிக்கும் விலையை 1.18ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், இ-டைப் என்பது பெயர்தான் ஒன்று. 1961இல் வந்த முதல் சில நூறு வண்டிகளில் பானெட்டை வெளியிலிருந்து சாவி போட்டுத் திறக்க வேண்டும். அதற்காகவே பணத்தைக் கொட்டுகிறவர்கள் உண்டு. திறந்த கூரை ரோட்ஸ்டர் தனி ரகம். உங்கள் 2+2 வகை 1966இல் வந்தது. சக்கர இடைவெளி 9 அங்குலம் அதிகம், கூரையும் சற்றுத் தூக்கல். குடும்பத்தோடு போகலாம், ஆனால் இ-டைப்களில் பொதுவாக விலை குறைந்தது இதுதான். அமெரிக்காவுக்குப் போய்த் திரும்பி, ஸ்டீயரிங்கை இடமிருந்து வலம் மாற்றிய வண்டிகள் வேறு இருக்கின்றன. நீங்கள் படித்த இரண்டும் எந்த ரகம் என்று பார்த்தீர்களா?

நீங்கள் வாங்கிய 2015 உச்சத்தை ஒட்டிய நேரம். 2021 டிசம்பர் நடுப்பகுதி வரை 0.1 சதவீதமாக இருந்த இங்கிலாந்து வங்கியின் வட்டி, 2023 ஆகஸ்டில் 5.25க்கு வந்தது. கடன் வாங்கி கார் வாங்குகிறவர்கள் ஒதுங்கினார்கள். இ-டைப்பைப் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு வயதாகி, அவர்களும் விற்கிறார்கள். 2022இல் ஒரு மெர்சிடிஸ் 300 எஸ்எல்ஆர் 13.5 கோடி யூரோவுக்குப் போனதை உங்கள் தரகர் கட்டாயம் சொல்லியிருப்பார். அதற்கும் உங்கள் வண்டிக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

தரகருக்கு வருவோம். “தருகிறேன்” என்றாரா, “வாங்கித் தருகிறேன்” என்றாரா? இரண்டாவதில் அவர் பணம் ஒரு பைசா இல்லை. மூன்று மாதம் வேறு யாரிடமும் காட்டக்கூடாது என்று கையெழுத்து வாங்குவார். இரண்டாம் மாதம் போன் வரும்: “மார்க்கெட் டல்லா இருக்கு சார், அறுபதுக்கு ஒருத்தர் கேக்கிறார்.” ஏலக்கூடமும் இதற்குச் சளைத்ததல்ல. எனக்குத் தெரிந்த ஒருவரிடம் ஆசை காட்டும் எஸ்டிமேட்டைச் சொல்லி வண்டியை எடுத்துப் போனார்கள். ஏலத்துக்கு முந்தைய நாள் மாலை ஆறரைக்கு போன்: ரிசர்வ் விலையை, அதாவது இதற்குக் கீழே விற்கக்கூடாது என்ற விலையை, 12,000 குறைக்க வேண்டுமாம். வண்டி அங்கே நிற்கிறது, பெயர் கேட்லாக்கில் வந்துவிட்டது. மனுஷன் என்ன செய்வார், சரி என்றார்.

விற்பதற்காக ரிப்பேர் செய்யாதீர்கள். முழு ரெஸ்டரேஷன் ஒரு லட்சம் பவுண்டைத் தாண்டுவது சாதாரணம். 2+2இல் அது திரும்பாது. கைபடாத வண்டி என்றால் தொடவே தொடாதீர்கள். முதல் பெயின்ட், முதல் லெதர், ஒரே உரிமையாளர், பழைய பில்கள் எல்லாம் ஃபைலில். அப்படி ஒன்று தூசியோடு வந்தால் பளபளப்பான வண்டியைவிட அதிகம் போகலாம். தூசியைக்கூடத் துடைக்க வேண்டாம் என்பேன். ஒருவர் ஆர்வக்கோளாறில் பாலிஷ் போட்டு, பழைய பெயின்ட்டைத் தேய்த்தே எடுத்துவிட்டார். தோல் சீட்டில் விரிசல் இருக்கிறதா, இருக்கட்டும். உங்கள் வண்டி ஏற்கெனவே பெயின்ட் அடித்ததாகத்தான் இருக்கும், இருந்தாலும் சொல்லிவைத்தேன்.

வண்டியை ஓட்டுகிறீர்கள், பணத்துக்கு அவசரமில்லை என்றால் வைத்திருங்கள். கராஜில் சும்மா நிற்கிறது என்றால், 2015 விலைக்குக் காத்திராமல் விற்றுவிடுங்கள். சொந்த உபயோக கார் என்பதால் மூலதன ஆதாய வரி கிடையாது. அதற்கு முன், பழைய ஜாகுவார்களின் தயாரிப்புப் பதிவேடுகளை வைத்திருக்கும் ஜாகுவார் டெய்ம்லர் ஹெரிட்டேஜ் டிரஸ்டில் சான்றிதழ் வாங்கி, அதிலுள்ள எஞ்சின் எண்ணும் எஞ்சின் பிளாக்கில் பொறித்த எண்ணும் ஒன்றா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பழைய பில்களின் அசலை யாரிடமும் கொடுக்காதீர்கள்.

தரகரிடம், “செலவெல்லாம் போக என் கணக்கில் 80,000 விழும்” என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். போட்டுவிட்டால் அவர் நம்பரை எனக்கும் அனுப்புங்கள். என்னிடமும் ஒரு 2+2 நிற்கிறது.