வைவா நெருங்கும்போது ஃபேன் சத்தம்கூடத் தாங்கவில்லையா?

வாய்மொழித் தேர்வான வைவா நெருங்க நெருங்க ஃபேன் கடகடப்பும் பக்கத்து மேஜை கீபோர்டு சத்தமும் மண்டைக்குள் இறங்குகிறது, காது டாக்டரோ கேட்புத்திறன் சரி என்கிறார், எனக்குப் பைத்தியமா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லைங்க, முதலில் அந்தப் பயத்தை விடுங்கள்.

திரும்பத் திரும்ப வரும் சத்தத்தை மூளை தானாகவே அமுக்கிவிடும். இதைச் சோதிக்க ஓர் எளிய முறை உண்டு: அரை விநாடி இடைவெளியில் இரண்டு 'டிக்' ஒலிகளைக் கேட்கவிட்டு, தலையில் ஒட்டிய மின்முனைகள் வழியாக, ஒவ்வொன்றுக்கும் சுமார் 50 மில்லிவிநாடியில் மூளையில் எழும் மின்னலையை அளப்பார்கள். சாதாரணமாக இரண்டாவது டிக்குக்கு அலை நன்றாகச் சிறுத்துவிடும். உடலுக்கு நெருக்கடி தருவதற்காக, நல்ல ஆரோக்கியமானவர்களின் கையைப் பனிக்கட்டித் தண்ணீரில் முக்கவைத்து (பாவம்!) அளந்தபோது அந்தச் சிறுத்தல் தற்காலிகமாகக் குறைந்துபோனதை 1993-இலேயே காட்டிவிட்டார்கள். பதற்றத்தில் கூடும் நார்அட்ரினலின் என்ற ஹார்மோனுக்கு இதில் பங்கு உண்டு என்று கருதுகிறார்கள். ஆபத்து நேரத்தில் எந்தச் சத்தத்தையும் தவறவிடக் கூடாது இல்லையா, அதனால் சத்தத்தை அமுக்கும் மூளையின் வடிகட்டி தளர்கிறது.

சரி, என்ன செய்யலாம்? தூக்கத்தை வெட்டிப் படிக்காதீர்கள், அதுவும் வடிகட்டலைக் கெடுக்கும். நாள் முழுக்கக் காதடைப்பான் வேண்டாம், கழற்றியதும் சத்தம் இன்னும் பெரிதாகக் கேட்கும். மெல்லிய மழைச் சத்தம் ஓடவிடுவது மேல். வைவா முடிந்து சில வாரங்களாகியும் குறையவில்லை என்றாலோ, பிறருக்குக் கேட்காதது உங்களுக்குக் கேட்டாலோ, மனநல மருத்துவரைப் பாருங்கள்.