லத்தீன் படிக்கட்டும், ஆனால் இந்த ஆண்டே வேண்டுமா?

கேள்வி: எங்கள் சொந்த ஊர் பாளையங்கோட்டை. கணவரின் வேலை காரணமாகப் பத்து ஆண்டுகளுக்கும் மேலாக டெக்சாஸில், டாலஸ் அருகே வசிக்கிறோம். நான் வேலை விசாவில் இருப்பவரின் துணைக்குத் தரப்படும் ஹெச்-4 விசாவில் இருக்கிறேன். வேலை செய்ய அனுமதி இல்லை. இங்கேயே பிறந்த எங்கள் மகனுக்கு எட்டு வயது. அரசுப் பள்ளியில் படிக்கிறான். வாசிப்பில் பின்தங்கியிருப்பதால் பள்ளியே தனி ஆசிரியர் மூலம் பயிற்சி தருகிறது. எங்கள் சபையில் பலர் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து எடுத்து 'கிளாசிகல் கான்வர்சேஷன்ஸ்' என்ற வீட்டுக்கல்வி அமைப்பில் சேர்த்திருக்கிறார்கள். என்னையும் சேரச் சொல்வதோடு, அதில் வகுப்பு நடத்தும் டியூட்டராக இருக்கவும் அழைக்கிறார்கள். நாற்பது நிமிடத் தொலைவில் ஒரு கிளாசிகல் கிறிஸ்தவப் பள்ளியும் இருக்கிறது. கணிதம் போய்விடும் என்று கணவர் அஞ்சுகிறார். தமிழே தடுமாறும் பிள்ளைக்கு லத்தீன் எதற்கு என்கிறார் மாமியார். நான் என்ன செய்வது? (பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த ஆண்டு மகனை இருக்கும் பள்ளியிலிருந்து எடுக்காதீர்கள். அவன் வாசிப்பு வயதுக்கேற்ற நிலைக்கு வரட்டும். அதற்குள் நீங்கள் குறிப்பிட்ட இரண்டு இடங்களையும் நேரில் போய்ப் பாருங்கள். லத்தீன், மனப்பாடம், விவாதம் என்ற பழைய ஐரோப்பிய முறையைக் கிறிஸ்தவ விசுவாசத்தோடு இணைக்கும் கிளாசிகல் கிறிஸ்தவக் கல்வியின் மீது எனக்கு மதிப்பு உண்டு. அதனால்தான் அவசரம் வேண்டாம் என்கிறேன்.

சபையில் இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துப் பேசுவார்கள். உண்மையில் உங்கள் முன் இருக்கும் இரண்டும் வெவ்வேறு. ஒன்று முழுநேரப் பள்ளி. மற்றொன்று, வாரத்தில் நான்கு நாள் நீங்களே ஆசிரியராக இருக்கும் ஏற்பாடு.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1947இல், துப்பறியும் நாவல்களால் புகழ்பெற்ற டாரதி சேயர்ஸ் ஆக்ஸ்ஃபோர்டில் ஓர் உரை நிகழ்த்தினார். இலக்கணம், தருக்கம், சொல்லாட்சி என்று இடைக்கால ஐரோப்பா கற்பித்த மூன்று கலைகளையும் பிள்ளை வளரும் மூன்று பருவங்களோடு அவர் பொருத்திக் காட்டினார். சிறு வயதில் மனப்பாடம், எதிர்த்துப் பேசும் வயதில் தருக்கம், தன்னை வெளிப்படுத்தத் துடிக்கும் வயதில் சொல்லாட்சி. இது நடைமுறைக்கு வருவது அரிது என்று அந்த உரையிலேயே அவர் சொன்னார். ஆனால் 1981இல் ஐடஹோ மாநிலத்தின் மாஸ்கோ நகரில் டக்ளஸ் வில்சனும் மற்றும் சில பெற்றோரும் லோகாஸ் பள்ளியைத் தொடங்கினார்கள். அதைப் பின்பற்றிப் பல ஊர்களில் பள்ளிகள் எழுந்தன. 1990களில் கிளாசிகல் கிறிஸ்தவப் பள்ளிகளின் சங்கம் உருவானது. இன்று அதில் சில நூறு பள்ளிகள் உறுப்பினர்களாக இருக்கின்றன. பருவங்களை இப்படிப் பிரித்தது சேயர்ஸின் யோசனை. இடைக்காலப் பள்ளிகளில் அந்த மூன்று கலைகளும் வெறும் பாடங்கள். ஆகவே, 'எட்டு வயது என்றால் மனப்பாடம்தான், கேள்வி கேட்கும் வயது பிறகு' என்று யாராவது கறாராகச் சொன்னால் நம்பிவிடாதீர்கள். உங்கள் மகன் இப்போதே ஏன், எதற்கு என்று கேட்டுக்கொண்டுதான் இருப்பான்.

கிளாசிகல் கான்வர்சேஷன்ஸ் 1997இல் லீ போர்டின்ஸ் என்ற தாய் வட கரோலினாவில் தொடங்கியது. பெரும்பாலும் ஏதாவது ஒரு தேவாலயக் கட்டடத்தில் வாரம் ஒரு நாள் கூடுவார்கள். நான்கு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ளவர்களுக்கான பிரிவுக்கு 'ஃபவுண்டேஷன்ஸ்' என்று பெயர். வரலாறு, புவியியல், அறிவியல், கணிதம், ஆங்கில இலக்கணம், லத்தீன் என ஒவ்வொன்றிலும் வாரத்துக்குச் சிறு பகுதியைப் பாட்டாகவும் கைதட்டலாகவும் மனப்பாடம் செய்கிறார்கள். ஆண்டுக்கு 24 வாரங்கள்; மூன்று ஆண்டுகளில் ஒரு சுற்று முடிந்து மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். பிள்ளைகள் ஒவ்வொருவரும் வாரந்தோறும் எழுந்து நின்று ஏதாவது ஒன்றைப் பற்றிப் பேச வேண்டும். இது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கூச்சமுள்ள பிள்ளைகள் இங்கே நன்றாக மலர்கிறார்கள். தாய்மார்களும் உடன் இருப்பதால், தனிமையில் வாடுகிறவர்களுக்கு நல்ல தோழமை கிடைக்கிறது. அமெரிக்கப் புறநகர் ஒன்றில் காரில்லாமல் எங்கும் போக முடியாமல் அடைபட்டுக் கிடக்கும் ஒரு பெண்ணுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும்.

ஆனால் உங்கள் சபை நண்பர்கள் சொல்ல மறந்திருக்கக்கூடிய ஒன்று இருக்கிறது. அந்த ஒரு நாள் வகுப்பில் வாசிக்கக் கற்றுக்கொடுக்க மாட்டார்கள். முழுமையான கணிதப் பாடத்திட்டமும் அதில் இல்லை. அந்த இரண்டையும் பெற்றோரே தனியாக வாங்கி, வீட்டில் நடத்த வேண்டும். வாசிப்பில் தடுமாறும் ஒரு பிள்ளைக்கு இதன் பொருள் என்ன? இன்று பயிற்சி பெற்ற ஆசிரியர் செய்யும் வேலை அப்படியே உங்கள் தோளில் விழும். சரளமாக வாசிக்கும் பிள்ளையின் தாய்க்கு இந்த ஏற்பாடு இன்பமாக இருக்கலாம். உங்களுக்கு முதல் ஆண்டு கண்ணீராகப் போய்விடக் கூடாது. எனவே, இப்போது கிடைக்கும் பயிற்சி ஐ.இ.பி. என்னும் தனிக் கல்வித் திட்டத்தின் கீழ் வருகிறதா என்று முதலில் பள்ளியில் கேளுங்கள். வருமானால், அது கூட்டாட்சிச் சட்டம் உங்கள் மகனுக்குத் தரும் உரிமை. பெற்றோர் தாங்களாகவே பிள்ளையைத் தனியார் பள்ளிக்கோ வீட்டுக்கல்விக்கோ மாற்றினால், அந்த உரிமை அதே வடிவில் கூடவே வராது. நாற்பது நிமிடத் தொலைவிலுள்ள பள்ளிக்கும் இது பொருந்தும்.

டியூட்டர் அழைப்பை இப்போதைக்கு ஏற்காதீர்கள். அது ஊதியம் பெறும் வேலை. பணமாகத் தராமல் கட்டணத்தில் கழித்துக்கொண்டாலும் அது ஊதியமாகவே கருதப்படக்கூடும். வேலை அனுமதி இல்லாத ஹெச்-4 விசாவில் அது விபரீதமாகிவிடலாம். கிரீன் கார்டு விண்ணப்பத்தின்போது பழைய கணக்கெல்லாம் கேட்பார்கள். அழைத்தவர்கள் நல்ல மனதோடுதான் அழைத்திருப்பார்கள்; அவர்களுக்கு விசாச் சட்டம் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்காமல் எதற்கும் சம்மதிக்க வேண்டாம். உங்கள் சொந்த மகனுக்கு வீட்டில் கற்பிப்பதற்கு எந்தத் தடையும் இல்லை. டெக்சாஸில் வீட்டுக்கல்வி தனியார் பள்ளிக்குச் சமம் என்று மாநில உச்ச நீதிமன்றம் 1994இல் தீர்ப்பளித்திருக்கிறது.

இனி அந்தப் பள்ளி. நான் மேலே சொன்ன பள்ளிகளின் சங்கத்தில் உறுப்பினர் என்பதும் சங்கத்தின் அங்கீகாரம் பெற்றது என்பதும் வேறு வேறு. எது என்று கேளுங்கள். விசுவாச அறிக்கையில் கையெழுத்துக் கேட்பார்கள். சில பள்ளிகள் சபைப் போதகரின் கடிதமும் கேட்கும். வரிக்கு வரி படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். குழந்தை ஞானஸ்நானம் பெற்று, சி.எஸ்.ஐ. சபையில் வளர்ந்த குடும்பம் உங்களுடையது என்று நினைக்கிறேன். அதற்கு அங்கே இடம் உண்டா என்பதைச் சேர்ந்த பிறகு தெரிந்துகொள்வதைவிட முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

அடுத்து நான் சொல்லப்போவது சிலருக்குப் பிடிக்காது. லோகாஸ் பள்ளியைத் தொடங்கியவர்களில் ஒருவரான வில்சன், 1996இல் இன்னொருவரோடு சேர்ந்து ஒரு சிறு நூல் எழுதினார். அமெரிக்கத் தென்மாநில அடிமை முறையை அது மென்மையாகச் சித்திரித்தது. வரலாற்றாசிரியர்கள் அதைக் கடுமையாகக் கண்டித்தார்கள். இந்த இயக்கத்தில் உள்ள பள்ளிகள் எல்லாமே அப்படி எண்ணுகின்றன என்று சொல்வது அநியாயம். அதை வெளிப்படையாக மறுத்தவர்கள் இதே வட்டத்தில் இருக்கிறார்கள். ஆனால் கறுத்த தோலுள்ள ஒரு பிள்ளையை அங்கே அனுப்பும் தாய், அமெரிக்க உள்நாட்டுப் போரை எந்தப் புத்தகத்தை வைத்துக் கற்பிக்கிறீர்கள் என்று கேட்டே ஆக வேண்டும். புத்தகத்தை வாங்கி, அடிமை முறையைப் பற்றிய அத்தியாயத்தை உட்கார்ந்து படியுங்கள். தயக்கமின்றி எடுத்துக் கொடுக்கும் பள்ளி நல்ல பள்ளி.

வாசிப்புப் பட்டியலையும் பாருங்கள். ஹோமர், வெர்ஜில், அகஸ்டின், தாந்தே என்று போகும். அருமையான பட்டியல்தான். பெரும்பாலும் ஆசியா அதில் இருக்காது. சபை வரலாறு விட்டன்பெர்க், ஜெனீவா, கேன்டர்பரி என்று போய்விடும். 1706இல் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்து இறங்கியதையும், 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அங்கே அச்சானதையும் அந்த வகுப்பறையில் யாரும் சொல்லப்போவதில்லை. உங்கள் மகனின் விசுவாசம் அவனுக்கு வந்து சேர்ந்த வழி அதுதான். அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

கணவரின் அச்சம் நியாயமானது. இந்தப் பள்ளிகளின் பலம் மொழியும் வரலாறும் விவாதமும். கணிதத்தின் தரம் பள்ளிக்குப் பள்ளி மாறுகிறது. சேர்க்கை அலுவலகத்தில் கேட்காமல் பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புகளில் போய் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். கால்குலஸ் இருக்கிறதா, எத்தனை பேர் எடுக்கிறார்கள், யார் நடத்துகிறார் என்று விசாரியுங்கள். கல்லூரியைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். இவர்களுக்கென்றே 2015இல் சி.எல்.டி. என்ற நுழைவுத் தேர்வு வந்தது. ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகங்கள் 2023 முதல் அதை ஏற்கின்றன. மற்ற இடங்களுக்கு வழக்கமான எஸ்.ஏ.டி. இருக்கிறது.

பணத்தைப் பொறுத்தவரை, டெக்சாஸ் அரசு 2025இல் இயற்றிய சட்டப்படி, 2026-27 கல்வியாண்டிலிருந்து அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளிகளில் சேரும் பிள்ளைகளுக்கு ஆண்டுக்குச் சுமார் 10,000 டாலரும், வீட்டுக்கல்விக்கு 2,000 டாலர் வரையும் உதவி கிடைக்கும். சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்குக் கூடுதலாகத் தருகிறார்கள். நிதி அளவானது, விண்ணப்பிக்கும் எல்லாருக்கும் கிடைக்கும் என்று எண்ணிக் கணக்குப் போடாதீர்கள்.

கடைசியாக உங்கள் மாமியார். அவர் கவலைப்படுவதில் அன்பு இருக்கிறது. ஆனால் லத்தீன் தமிழுக்கு எதிரி இல்லை. வேர்ச்சொல்லின் கடைசியில் உருபு சேர்ந்து 'மரத்தை, மரத்தால், மரத்துக்கு' என்று மாறுவது ஆங்கிலம் மட்டுமே தெரிந்த பிள்ளைக்குப் புதிது. தமிழ் பேசும் பிள்ளை அதை நாவிலேயே வைத்திருக்கிறான். லத்தீனின் வேற்றுமைகளைப் பார்த்ததும் அவன் மிரள மாட்டான். இலக்கணம், இலக்கியம், சொல்லாட்சி என்ற வரிசையில் இயேசு சபையில் லத்தீன் பயின்ற இத்தாலியர் ஒருவர்தான் பின்னாளில் மதுரை மிஷன் பணிக்கு வந்து வீரமாமுனிவர் ஆனார். தேம்பாவணி, சதுரகராதி, தொன்னூல் விளக்கம் மூன்றையும் தந்தார். இதை மாமியாரிடம் சொல்லுங்கள். தேம்பாவணி என்றால் அவருக்குப் புரியும்.

அவரிடம் ஒரு வேலையையும் ஒப்படையுங்கள். வாரம் இரண்டு முறை வீடியோ அழைப்பில் பேரனுக்கு 23ஆம் சங்கீதத்தை வசனம் வசனமாகத் தமிழில் சொல்லித் தரட்டும். அவன் திருப்பிச் சொல்லட்டும். பிறகு அதே வசனங்களைத் தமிழ் வேதாகமத்தில் விரலால் தொட்டு வாசிக்கட்டும். வசந்த காலத்தில் வாசிப்பு ஆசிரியரைச் சந்தித்து அவன் எங்கே நிற்கிறான் என்று கேளுங்கள். அவர் தரும் பதிலோடு அந்தப் பள்ளிக்கும் சபை நண்பர்களின் வகுப்புக்கும் ஒருநாள் மகனையும் அழைத்துக்கொண்டு போய்வாருங்கள். இரண்டும் பார்த்த பிறகு எனக்கு மறுபடியும் எழுதுங்கள்.