விளம்பரம் எழுதினவரிட்டைக் கேளுங்கோ

கொழும்பில விளம்பரக் கொம்பனி ஒண்டில கனகாலம் வசனம் எழுதிப்போட்டு இப்ப யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில வந்திருக்கிறவரை எங்கட வாசிகசாலையில இருத்திவைச்சு ஆக்கள் கேட்டதில கொஞ்சம்.

ஐயா, தீபாவளிக்கு "70 வீதம் வரை கழிவு" எண்டு போடுறாங்கள். உள்ளுக்குப் போனால் பத்துத்தான்.

அந்த "வரை"தான் என்ர பிழைப்பு, தங்கச்சி. எழுபதைப் பூசணிக்காய் அளவிலயும் "வரை"யைக் கடுகளவிலயும் போடவைச்சுத்தான் சம்பளம் வாங்கினனான். மூலையில கிடக்கிற நாலு பழைய சட்டைக்கு எழுபது குடுத்தால் வசனம் உண்மையாப் போயிடும். முழுப் பொய் சொன்னால் பிடிபடுவம். சொல்லாமல் விடுறதிலதான் எங்கட கெட்டித்தனம்.

வைத்தியர்மார் சிபாரிசு செய்யிற பற்பசை எண்டால் நம்பலாம்தானே?

என்ன கேட்டு அந்தக் கணக்கை எடுத்தவை எண்டு பாருங்கோ. பிரித்தானியாவில கொல்கேற் "80 வீதத்துக்கு மேற்பட்ட பல் வைத்தியர்கள் சிபாரிசு" எண்டு விளம்பரம் போட்டது. 2007இல அங்கத்தைய விளம்பரக் கண்காணிப்புச் சபை அதை மறிச்சுது. ஏனெண்டால், வைத்தியர்மாருக்கு ஒண்டுக்கு மேற்பட்ட பற்பசையின்ர பேரைச் சொல்ல இடமிருந்தது. இன்னொரு பற்பசையையும் கிட்டத்தட்ட அதேயளவு பேர் சொல்லியிருந்தினம். வாசிக்கிற சனமோ, நூறில எண்பது பேர் மற்றதுகளை ஒதுக்கிப்போட்டு இதைத்தான் எடுத்தவை எண்டு நினைக்கும். எண் பிழையில்லை, பாருங்கோ.

"செய்கூலி இல்லை" எண்டு நகைக்கடையில போட்டிருக்கு. மகளின்ர கலியாணம் வருது, அண்ணை.

செய்கூலி, சேதாரம், பவுன் விலை எண்டு மூண்டு பை இருக்கு. ஒரு பையை விரிச்சு வெறுமையாக் காட்டினால் மற்ற ரெண்டையும் தடவிப் பாக்கவேணும். கஸ்தூரியார் வீதியில மூண்டு கடைக்கு ஒரே நாளில போங்கோ, விலை நாளுக்கு நாள் மாறும். "ரெண்டு பவுன், 16 கிராம், 22 கரட் சங்கிலி. எல்லாம் சேர்த்து எவ்வளவு?" எண்டு ஒரே கேள்வியைக் கேளுங்கோ. கல்லு வைச்சதெண்டால் கல்லின்ர நிறையைக் கழிச்சவையோ எண்டும் கேக்கவேணும். வெக்கப்படாதேங்கோ, காசு உங்கடை.

பெடியன் சோடா எண்டு நிக்கிறான். விளம்பரத்தில கிரிக்கெட் வீரர் குடிக்கிறாராம்.

2016இல இருந்து இஞ்சை குளிர்பானப் போத்தலில சீனிக்கு நிறக்குறி இருக்கு. 100 மில்லிலீற்றருக்கு 11 கிராமுக்கு மேல எண்டால் சிவப்பு. அந்தக் கணக்கில 250 மில்லிலீற்றர் குடிச்சால் அஞ்சு தேக்கரண்டிக்குக் குறையாமல் சீனி போகும். விளம்பரத்தில போத்தலை எந்தப் பக்கம் திருப்பிப் பிடிக்கினம் எண்டு மகனையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கோ. வீட்டில அது நல்ல விளையாட்டு.

நாடகத்தில வாற கதாநாயகியள் எல்லாம் வெள்ளை. பிறகு கிறீம் விளம்பரம். இது தற்செயலோ?

நல்ல கேள்வி பிள்ளை. முதல்ல குறை, பிறகு மருந்து. "ஃபெயார் அன்ட் லவ்லி" 2020இல "குளோ அன்ட் லவ்லி" ஆச்சு. விளம்பரத்தில வாற முகங்களின்ர நிறம் மாறிச்சுதோ எண்டு நீங்களே பாத்துச் சொல்லுங்கோ.

யூடியூப்பில சாப்பாட்டுக்கடை காட்டுற தம்பிமார்?

பில்லு கட்டுறதைக் காட்டாதவன், உப்புக் கூட எண்டு ஒருநாளும் சொல்லாதவன். நான் அவனை விளம்பரமாத்தான் பாக்கிறனான்.

ஏமாந்த பிறகு என்ன செய்யிறது?

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் சட்டம் இருக்கு. நுகர்வோர் விவகார அதிகாரசபையின்ர தொலைபேசி இலக்கம் 1977. பில்லையும் விளம்பரத்தின்ர படத்தையும் வைச்சுக்கொண்டு எடுங்கோ. கனபேர் பில்லைக் கடைவாசலிலயே கசக்கி எறிஞ்சிடுவினம்.