பங்குக்குக் கடலுக்குப் போனவருக்கு விரல் போனால் நஷ்டஈடு உண்டா?

கேள்வி: கடலூர் சோனாங்குப்பத்தில் இருக்கிறோம். என் கணவருக்கு வயது 35. புதுச்சேரி தேங்காய்த்திட்டு துறைமுகத்து விசைப்படகில் வேலை பார்த்தார். 2025 ஆகஸ்டில் மடி (மீன்வலை) இழுக்கும்போது வின்ச்சில் (வலையை இழுக்கும் இயந்திரத்தில்) இடது கை சிக்கி நடுவிரல், மோதிரவிரல், சுண்டுவிரல் மூன்றும் போய்விட்டன. ஓனர் ஆஸ்பத்திரிக்கு 40,000 ரூபாய் கட்டினார். பிறகு ஊர்ப் பஞ்சாயத்தில் 1 லட்சம் கொடுத்து, ‘இனி எந்தப் பாத்தியதையும் இல்லை’ என்று முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்கினார். பங்குக்கு வந்த ஆளுக்குச் சட்டத்தில் எதுவும் கிடையாது என்கிறார். வழக்குப் போடலாமா?

பதில்: போடலாம், சகோதரி. அந்த முத்திரைத்தாளுக்குப் பயப்பட வேண்டாம். 1923-ஆம் ஆண்டு ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, நஷ்டஈட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது. மொத்தத் தொகை பேசி முடித்தாலும் அதை இந்த வழக்குகளை விசாரிக்கும் தொழிலாளர் துறை ஆணையரிடம் பதிவு செய்திருக்க வேண்டும். செய்யாவிட்டால் முழுத் தொகைக்கும் ஓனர் பொறுப்பு. வாங்கிய 1 லட்சத்தைக் கழிக்கச் சொல்லிக் கேட்பார்கள், அவ்வளவுதான். வைத்தியத்துக்குக் கொடுத்த 40,000 நஷ்டஈட்டில் சேராது.

2025 நவம்பர் 21 முதல் புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. ஆனால் விபத்து அதற்கு முன்பே நடந்துவிட்டதால் பழைய சட்டப்படிதான் உங்கள் உரிமை. விபத்து நாளிலிருந்து 2 வருடத்துக்குள் மனு போட வேண்டும்.

உண்மையான சண்டை ‘பங்கு’ என்ற சொல்லில்தான் நடக்கும். ‘அவர் என் கூட்டாளி, வேலையாள் இல்லை’ என்று எதிர்த்தரப்பு வாதிடும். படகு யாருடையது, எப்போது கிளம்புவது, எங்கே மடி போடுவது, ஆளை நிறுத்துவது யார் என்பவற்றை வைத்துத்தான் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு போக மிச்சத்தில் பங்கு தருவது கூலி கொடுக்கும் ஒரு முறை. நஷ்டத்தில் பங்கு ஏற்காதவரைக் கூட்டாளி என்பது எடுபடுவது கடினம். இதை நிரூபிக்க டிரைவரோ கூட வந்த ஆட்களோ இரண்டு பேர் சாட்சி சொன்னால் நல்லது. அவர்கள் அதே ஓனரிடம் வேலையில் இருப்பதால் பின்வாங்கலாம். எனவே கணக்கு நோட்டின் போட்டோ, கூகுள் பே வரவு, வாட்ஸ்அப் குரல் பதிவு எல்லாவற்றையும் இன்றே வேறொரு போனிலும் சேமித்து வையுங்கள்.

தொகைக்கு வருவோம். மாதம் எவ்வளவு சம்பாதித்தாலும் கணக்குக்கு எடுப்பது அதிகபட்சம் 15,000 ரூபாய். அதில் 60 சதவீதம் 9,000. சட்ட அட்டவணையில் வயது 35-க்கான காரணி (பெருக்க வேண்டிய எண்) 197.06. பெருக்கினால் 17,73,540, இது முழு ஊனத்துக்கான தொகை. ஒரு கையில் மூன்று விரல் போனால் அட்டவணைப்படி 30 சதவீதம், அதாவது 5,32,062 ரூபாய். இதற்கு 12 சதவீத வட்டி உண்டு. காரணமில்லாமல் தராமல் இழுத்ததற்கு 50 சதவீதம் வரை அபராதமும் விதிக்கலாம். அந்த அபராதம் இன்சூரன்ஸ் கம்பெனியின் தலையில் விழாது, ஓனர்தான் கட்ட வேண்டும்.

30 சதவீதத்தோடு நிற்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கில் (1976) இடது கையை இழந்த தச்சருக்கு, அந்தத் தொழிலை இனிச் செய்யவே முடியாது என்பதால் முழு ஊனம் என்று கணக்கிட்டதை உச்ச நீதிமன்றம் ஏற்றது. ரோப்பைப் பிடிக்கவும் மடியை வாரவும் முடியாத கையோடு விசைப்படகில் ஆளாகப் போக முடியாது என்று எலும்பு மருத்துவரிடம் எழுத்தில் வாங்குங்கள். ‘மூன்று விரல் துண்டிப்பு’ என்று மட்டும் சான்றிதழ் இருந்தால் அட்டவணையோடு முடித்துவிடுவார்கள்.

ஆஸ்பத்திரி ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பியை முதலில் வாங்கிப் படியுங்கள். ‘மது வாசனை’ என்றோ ‘வீட்டில் விழுந்தார்’ என்றோ இருந்தால் வழக்கு அங்கேயே தடுமாறும். குடிபோதையால்தான் விபத்து என்று ஓனர் நிரூபித்தால், முழு ஊனமோ மரணமோ அல்லாத காயத்துக்கு அவர் தப்பிக்கலாம். வெறும் கவனக்குறைவு அவரைக் காப்பாற்றாது. விபத்து படகிலேயே நடந்ததால் தனி நோட்டீஸ் தரவில்லை என்ற வாதமும் நிற்காது.

படகு புதுச்சேரியுடையது என்றாலும் நீங்கள் அங்கே அலைய வேண்டாம். குடியிருக்கும் பகுதிக்குரிய தொழிலாளர் துறை ஆணையரிடமே மனு போடலாம். படகுக்கு இன்சூரன்ஸ் இருந்தால், பாலிசியில் ஆட்களுக்கும் காப்பீடு உண்டா என்று பார்த்து அந்தக் கம்பெனியையும் எதிர்மனுதாரராகச் சேருங்கள்.

ஓனர் படகை விற்கப் பேசுகிறார் என்று காதில் விழுந்தால் காத்திருக்காதீர்கள். 2017-ஆம் ஆண்டு அட்மிரால்டி (கப்பல், படகு வழக்குகளுக்கான) சட்டப்படி, படகின் இயக்கத்தோடு நேரடியாகத் தொடர்புள்ள காயத்துக்குப் படகின் மீதே உரிமை உண்டு. கை மாறினாலும் அது தொடரும். ஆனால் ஒரு வருடத்துக்குள் படகைச் சிறைபிடிக்க உத்தரவு வாங்கி நிறைவேற்ற வேண்டும். சென்னை உயர் நீதிமன்றத்தில் செலவு அதிகம். எனவே விற்பனை ஆபத்து இருந்தால் மட்டும் அந்த வழியில் போங்கள்.

மீனவர் குழு விபத்துக் காப்பீட்டில் அவர் பெயர் இருந்தால் பகுதி நிரந்தர ஊனத்துக்கு 2.5 லட்சம் வரை கிடைக்கும். மீன்வளத் துறை அலுவலகத்தில் தாமதிக்காமல் விண்ணப்பியுங்கள். இது ஓனர் தர வேண்டியதற்கு ஈடல்ல, தனிப் பணம்.