ஐபி மாறிடுச்சு, ஆனா டிஎன்எஸ் எந்தப் பக்கம் போகுது?

செந்தூல்ல இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க: "அண்ணே, அடி உதை தாங்காம வீட்ட விட்டு வர்ற பொம்பளைங்களுக்கு உதவுற சென்டர்ல வேலை பாக்குறேன். ஃபயர்ஃபாக்ஸ்ல சாக்ஸ் ப்ராக்ஸியா டோர் போட்டாச்சு, ஐபி காட்டுற பக்கத்துல வெளிநாட்டு ஐபிதான் வருது. இது போதுமா?"

போதாதும்மா. டோர்னா நம்ம ட்ராஃபிக்க பல கம்ப்யூட்டர் வழியா சுத்தி அனுப்பி நம்ம ஐபிய, அதாவது இணைய முகவரிய, மறைக்கிற நெட்வொர்க்; சாக்ஸ் ப்ராக்ஸிங்கறது ப்ரௌசர அதுல மாட்டி விடுற இடைவழி. ஐபி காட்டுற அந்தப் பக்கம் தன்கிட்ட வந்து சேர்ந்த கனெக்‌ஷன மட்டும்தான் பாக்கும், ப்ராக்ஸிய தாண்டி வேற வழியா வெளிய போனது அதுக்கு எப்படித் தெரியும்? உங்க மெஷின்ல இருந்து என்ன கிளம்புதுன்னு நீங்கதான் பாக்கணும்.

முதல் சந்தேகம் டிஎன்எஸ் மேலதான், அதாவது சைட்டு பேர ஐபியா மாத்துற வேலை. அந்த வேலைய டோர்கிட்ட விடாம லேப்டாப்பே செஞ்சுட்டா, எங்க போறீங்கன்னு லைன் கொடுத்த கம்பெனிக்குத் தெரிஞ்சுடும். 2024 செப்டம்பர்ல மலேசியாவோட தகவல்தொடர்பு ஆணையம் எம்சிஎம்சி, லைன் கொடுக்குற கம்பெனிங்ககிட்ட டிஎன்எஸ் கேள்விய எல்லாம் உள்ளூர் சர்வருக்குத் திருப்பச் சொல்லி அப்புறம் கைவிட்டாங்களே, சாதா டிஎன்எஸ் மறைக்காம போறதாலதான் அத அவ்வளவு சுலபமா திருப்ப முடியுது.

நேத்து ஜெலுத்தோங்ல என் வீட்டு லேப்டாப்ல, ப்ராக்ஸி செட்டிங்ல சாக்ஸ் வழியா டிஎன்எஸ் அனுப்பச் சொல்ற அந்த டிக்க எடுத்துட்டு வயர்ஷார்க் (மெஷின்ல இருந்து போற வர்ற ட்ராஃபிக்க காட்டுற சாஃப்ட்வேர்) ஓட விட்டேன், சைட்ட திறந்த உடனே அதோட பேரு முழுசா ரூட்டருக்குப் போகுது, சாதா டிஎன்எஸ் போற போர்ட் 53 வழியா. டிக்க திரும்பப் போட்டதும் நின்னுடுச்சு.

ஆனா டிஎன்எஸ்னு ஃபில்டர் போட்டு ஒண்ணும் வரலைன்னா நிம்மதியா உக்காந்துடாதீங்க, மறைச்சு அனுப்புற டிஎன்எஸ், சாதாரண வெப்சைட் ட்ராஃபிக் போற போர்ட் 443 வழியா போயிடும், ஃபில்டர்ல மாட்டாது. மத்த ஆப்ப எல்லாம் மூடிட்டு வயர்ஷார்க்ல ஸ்டாடிஸ்டிக்ஸ் மெனுல எண்ட்பாயிண்ட்ஸ் பாருங்க, எந்தெந்த ஐபியோட பேச்சு நடக்குதுன்னு அது காட்டும். வீட்டு நெட்வொர்க்க விட்டா டோரோட ரிலே, அதாவது ட்ராஃபிக்க கடத்தி விடுற கம்ப்யூட்டர், ஒண்ணு ரெண்டு ஐபிதான் இருக்கணும், வேற எது இருந்தாலும், ஐபிவி6ங்கற புது மாதிரி நீள ஐபி உள்பட, அது யாருன்னு தேடணும். அப்புறம் டோர நிறுத்திட்டு ஒரு சைட்ட திறங்க. திறந்துச்சுன்னா ப்ராக்ஸி இல்லாமலும் அது வெளிய போகுதுன்னு அர்த்தம்.

உங்க வேலைக்கு சாதா ஃபயர்ஃபாக்ஸே வேணாம், டோர் ப்ரௌசர் போடுங்க, ப்ரௌசர்லயே வீடியோ கால் பேச வைக்கிற, ஐபிய வெளிய விடுற வெப்ஆர்டிசிய அதுல அடைச்சே வச்சிருக்காங்க. அதுலயும் 2017 நவம்பர்ல மேக், லினக்ஸ்ல ஒரு மாதிரி ஃபைல் லிங்க்க திறந்தா ஆப்பரேட்டிங் சிஸ்டமே நேரா வெளிய போய் நிஜ ஐபி தெரியுற ஓட்டை இருந்துச்சு, உடனே அடைச்சாங்க, அதனால அப்டேட்ட தள்ளிப் போடாதீங்க. டவுன்லோட் பண்ண டாக்குமெண்ட்ட நெட்ட கழட்டிட்டுதான் திறக்கணும், உள்ள இருக்குற படத்த எடுக்க அது நேரா வெளிய போகலாம்.

எண்ட்பாயிண்ட்ஸ்ல என்ன வருதுன்னு பாத்து எழுதுங்கம்மா, அதுவரைக்கும் சென்டர் கேஸ் எதையும் அந்த லேப்டாப்ல தேடாதீங்க.