நகர வாழ்வும் நம் உடல்நலமும்: கேள்வி பதில்

கேள்வி (கொக்கட்டிச்சோலையிலிருந்து மட்டக்களப்பு நகருக்குக் குடிவந்தவர்): ஐயா, ஊரில் படுத்தவுடன் உறங்கிய அம்மா, பிரதான வீதியோர வீட்டில் இரவு முழுவதும் புரண்டு படுக்கிறார். வயதுதான் காரணமா?

பதில்: வயதை மட்டும் காரணமாகச் சொல்லிவிட முடியாது. உறக்கத்திலும் காது அடங்குவதில்லை. லொறியொன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு போகும்போது, விழிப்பு வராமலேயே இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் சற்று உயர்கின்றன, இது ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் இதய நோய்க்கான ஆபத்தும் கூடுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2018இல் ஐரோப்பாவுக்கென வெளியிட்ட வழிகாட்டலில், இரவு நேர வீதி இரைச்சல் 45 டெசிபலுக்குக் கீழே இருக்க வேண்டுமென்று பரிந்துரைத்தது. அம்மாவின் கட்டிலைப் பின்வளவுப் பக்க அறைக்கு மாற்றுங்கள். பிரஷரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கேள்வி (கல்முனை): சீனி வருத்தம் நகரத்தில்தான் அதிகமா?

பதில்: ஆம். 2008இல் வெளிவந்த ஆய்வொன்றின்படி, இலங்கையில் 20 வயதுக்கு மேற்பட்டோரில் நகரப்புறத்தில் 16.4 சதவீதத்தினருக்கும் கிராமப்புறத்தில் 8.7 சதவீதத்தினருக்கும் நீரிழிவு இருந்தது. யுத்தம் காரணமாக வடக்கும் கிழக்கும் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம்.

கேள்வி (களுவாஞ்சிகுடி): கொழும்பில் மாடிவீட்டில் வசிக்கும் மகனுக்கு அடுத்த வீட்டாரின் பெயரே தெரியாதாம். நகரத்தில் மனம் கல்லாகிவிடுமா?

பதில்: அப்படி நான் நினைக்கவில்லை. உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் 1970இல் இதை விளக்கினார்: ஒரு நாளில் மனம் தாங்கக்கூடியதைவிட அதிகமான முகங்களும் ஓசைகளும் வந்து மோதும்போது, மனிதர் பலவற்றைக் கவனிக்காமல் விட்டும் பேச்சைச் சுருக்கியும் தம்மைக் காத்துக்கொள்கிறார். நம் படுவான்கரைக் கிராமத்து ஒழுங்கையில் எதிரே வரும் எல்லாரையும் நின்று நலம் விசாரிக்கலாம். கொழும்பின் சனநெரிசலான புறக்கோட்டையில் அது நடக்கிற காரியமல்ல. ஆனால் இதற்கு உடலும் விலை கொடுக்கிறது. 2011இல் ஜேர்மனியில், நேரநெருக்கடியில் கணக்குச் செய்பவர்களைக் கண்டித்துக்கொண்டே மூளையைப் படம்பிடித்தார்கள். அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலா என்ற பகுதி, நகரவாசிகளிடம் கூடுதலாகத் தூண்டப்பட்டது. நகரமே இதற்குக் காரணம் என்று அந்த ஆய்வு நிரூபித்துவிடவில்லை. ஆயினும் பிறருடைய கண்டிப்பு அவர்களை அதிகம் தாக்குகிறது என்பதை நான் பாரதூரமாகவே எடுத்துக்கொள்கிறேன். மகனோடு தொலைபேசியில் பேசும்போது சம்பளத்தையும் சாப்பாட்டையும் மட்டும் விசாரிக்காமல், வேலைத்தலத்தில் அவரை எப்படி நடத்துகிறார்கள் என்றும் கேளுங்கள்.

கேள்வி (காத்தான்குடி): வளவு முழுவதும் சீமெந்து போட எண்ணுகிறோம். வீடு சூடாகுமா?

பதில்: நிச்சயமாகச் சூடாகும். பகலில் சீமெந்துத் தரை உறிஞ்சும் வெப்பம் இரவில்தான் வெளியேறும், அதனால் உறக்கம் கெடும். நடைபாதைக்கு மட்டும் சீமெந்து போட்டு, மேற்குப் பக்கத்தில் ஒரு வேம்புக்கு மண்ணை விட்டுவையுங்கள்.